பழைய கவச வாகனங்களில் தீ: எங்கே தொடங்குகிறது, எப்படித் தடுப்பது

மீட்டரில் ஓடிய தூரம் 4,000 கிலோமீட்டர்தான், என்ஜின் புதுசு மாதிரி இருக்கிறது என்று சொல்லி 40 வயதுக் கவச வாகனம் ஒன்றை ஷெட்டிலிருந்து கிளப்பினால், அன்றைக்கே அது தீப்பிடிக்கலாம். கியர், பேரிங், பிஸ்டன் எல்லாம் ஓடி ஓடித் தேய்பவை. ரப்பர் ஹோஸ், ஒயரின் மேலுறை, ஆயில் சீல், ஓ-ரிங் எல்லாம் சும்மா நின்றாலும் கெடுபவை. இரும்புக்கு மீட்டர் கணக்கு, ரப்பருக்குக் காலண்டர் கணக்கு. பழைய வண்டியில் தீயைக் கொண்டுவருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டம்தான். ஆகவே "குறைவாக ஓடிய வண்டி" என்பதை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தனை வருடம் ஓடாமல் நின்றது என்று கேட்க வேண்டும்.

கீழே இருப்பது பட்டறையில் வேலை செய்பவருக்கும், ஓட்டுநருக்கும், சேவையிலிருந்து விலகிய வண்டியைச் சீரமைத்து வைத்திருப்பவருக்கும் ஆனது. இதில் உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

டாங்கில் என்ன இருக்கிறது?

முதல் கேள்வி பெட்ரோலா டீசலா என்பது. அதைப் பொறுத்துத் தேட வேண்டிய இடம் மாறும். எம் 113 கவச வாகனம் 1960-இல் பெட்ரோல் என்ஜினோடுதான் வந்தது; 1964-இல் வந்த ஏ1 வகைதான் டீசல். சோவியத்தின் பி.டி.ஆர். 60, பி.டி.ஆர். 70, பி.ஆர்.டி.எம். 2, பிரிட்டனின் ஃபெரட், சாலடின், சாரசன் எல்லாம் பெட்ரோல் வண்டிகள். பெட்ரோல் உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் ஹல்லின், அதாவது வண்டியின் கவச உடற்பெட்டியின், அடியில் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே அது எரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 மில்லி பெட்ரோல் முழுக்க ஆவியானால் 2 கன மீட்டருக்கும் அதிகமான காற்றை வெடிக்கும் கலவையாக்கிவிடும். பல வண்டிகளின் என்ஜின் அறையில் காலியாக இருக்கும் இடமே அவ்வளவு கிடையாது.

டீசல் வண்டிதானே, பயமில்லை என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. டீசலின் தீப்பற்றும் வெப்பநிலை 52–55 டிகிரிக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்த டீசலுக்கான கணக்கு. இன்ஜெக்டர் பைப்பில் ஊசித்துளை விழுந்து பனிமூட்டம்போல் பீறிட்டால், டீசல் குளிர்ந்திருந்தாலும் பற்றும். இன்னொன்றும் உண்டு. பொறி இல்லாமல் வெறும் சூட்டினாலேயே பற்றும் வெப்பநிலை டீசலுக்குத்தான் பெட்ரோலைவிடக் குறைவு. ஆகவே பெட்ரோல் வண்டியில் பொறியைத் தேடுங்கள். டீசல் வண்டியில் சூடான பரப்பைத் தேடுங்கள். பாரத்தோடு ஏறும்போது எக்ஸாஸ்ட் மேனிபோல்டு (என்ஜினின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்) 500 டிகிரியைத் தாண்டும். டர்போவின் உறை அதற்கும் மேலே போகும்.

டாங்கு எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சோவியத்தின் பி.எம்.பி. 1 வண்டியில் பின்கதவுகளுக்குள்ளேயே டீசல் நிற்கும். வீரர்கள் வெளியேறும் வழியும் எரிபொருள் டாங்கும் ஒன்றேதான் என்பதால் அந்தக் கதவின் ஹோஸ், மூடி, சீல் மூன்றையும் மற்ற எதற்கும் முன்னால் பார்க்க வேண்டும்.

ஹல்லின் அடித்தளம்: வேலையை இங்கிருந்து தொடங்குங்கள்

சாதாரண லாரியில் ஒழுகினால் தரையில் விழும், கண்ணில் படும். கவச வாகனம் அடியில் மூடிய பெட்டி. ஒழுகியது எல்லாம் உள்ளேயே தங்கும். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். 20 சொட்டு ஒரு மில்லி என்றால் ஒரு மணி நேரத்தில் 180 மில்லி, 8 மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். அதோடு ஆயில், மழைநீர், காய்ந்த இலை, துடைத்துப் போட்ட துணி எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய திரிபோல ஊறிக் கிடக்கும். தண்ணீர் இருக்கிறதே, எரியாது என்று நினைக்க வேண்டாம். எரிபொருள் மேலே மிதக்கும். வண்டி மேட்டில் ஏறும்போது அது மொத்தமும் பின்பக்கம் வழிந்து, சூடான பகுதியைத் தொடும்.

செய்முறை இது. மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வண்டியைத் திறந்த வெளியில், லேசான சரிவில் நிறுத்தி, அடியில் உள்ள வடிகால் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வருவதை வெவ்வேறு பாத்திரத்தில் பிடியுங்கள். எந்த மூடியிலிருந்து என்ன வந்தது என்று சாக்கட்டியால் பாத்திரத்தின்மேல் எழுதுங்கள். சிவப்பு நிறம் என்றால் பெரும்பாலும் ஹைட்ராலிக் அல்லது கியர்பாக்ஸ் திரவம், பச்சை அல்லது மஞ்சள் என்றால் கூலன்ட், கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். வடிகாலைப் பார்த்தே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு தரைத் தகடுகளைத் தூக்கி, தண்ணீர் கலந்து பயன்படுத்தும் டிகிரீசரால் கழுவுங்கள். பெட்ரோலாலோ தின்னராலோ கழுவவே கூடாது. மூடிய ஹல்லுக்குள் அப்படிக் கழுவியதே தீயானதுண்டு. விளக்கு வேண்டுமென்றால் தீப்பொறி தராத பாதுகாப்பு விளக்கு மட்டும். கழுவி உலர்ந்ததும் அடித்தளத்தில் வெள்ளை அல்லது வெளிர் நிற பெயின்ட் அடித்துவிடுங்கள். அடுத்த ஒழுகல் முதல் நாளே கண்ணில் படும். இதைப் போல மலிவான, பலன் தரும் வேலை வேறில்லை.

மூடிகளைத் திரும்பப் போட்டதைக் கையால் தொட்டு எண்ணுங்கள். நீரில் மிதக்கும் வண்டியானால் இது உயிர்க்கேள்வி. 2020 ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவின் சான் கிளெமென்டே தீவருகே அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஏ.ஏ.வி. எனும் நீரிலும் நிலத்திலும் ஓடும் வாகனம் ஒன்று மூழ்கி 9 பேர் இறந்தார்கள். பராமரிப்பு மோசமாக இருந்த வண்டி என்பதும், பல இடங்களில் நீர் உள்ளே புகுந்ததும், டிரான்ஸ்மிஷன் செயலிழந்ததும் விசாரணையில் வெளிவந்தன. ஆயிலை வெளியே விடும் பழைய சீலும் நீரை உள்ளே விடும் பழைய சீலும் ஒரே வயதுடையவை.

எரிபொருள் வழி

டாங்கிலிருந்து இன்ஜெக்டர்வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். ஒன்றிரண்டு நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைக்க வேண்டாம். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸின் உள்சுவர் உரிந்து மடல்போல் தொங்குவது சகஜம். தெரிந்துகொள்ள ஒரு ஹோஸைக் கழற்றிக் கட்டை விரலால் வளைத்துப் பாருங்கள்: வெளிப்புற வளைவில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலோ, வளைத்த ஹோஸ் பழைய நிலைக்குத் திரும்பாமல் அப்படியே நின்றாலோ முடிந்தது கதை. ஹோஸின்மேல் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் காலாண்டும் வருடமும் இருக்கும். கடையில் பல வருடம் கிடந்த "புதிய" ஹோஸும் பழையதே.

வாங்கும்போது வகையைச் சொல்லிக் கேளுங்கள். கார்புரேட்டர் வண்டியின் குறைந்த அழுத்தத்துக்கு எஸ்.ஏ.இ. 30 ஆர் 7, இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கு 30 ஆர் 9. எத்தனால் கலந்த பெட்ரோலோ பயோடீசலோ ஊற்றும் நிலை இருந்தால் அதைத் தாங்கும் ஹோஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 1960-களின் ரப்பர், கார்க் கேஸ்கெட், பம்ப் டயஃப்ரம் எதுவும் இந்தக் கலவைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. புதிய எரிபொருளை ஊற்றிய சில வாரங்களில் ஒழுகத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

கிளிப் விஷயத்திலும் கவனம் வேண்டும். பட்டையில் வரிவரியாக ஓட்டை போட்ட கிளிப் மெல்லிய ஹோஸை அறுத்துவிடும். உள்புறம் வழவழப்பாக இருக்கும் கிளிப்பே சரி. மாட்டி ஓட்டிய முதல் நாள் முடிவில் ஒரு முறை இறுக்குங்கள், ரப்பர் அமர்ந்து தளர்ந்திருக்கும். உலோகக் குழாய்களுக்கு 30–45 செ.மீ. இடைவெளியில் ரப்பர் பொதிந்த பிடிப்பான் இருக்க வேண்டும். எரிபொருள் குழாயையும் ஒயர்க்கட்டையும் ஒரே பிடிப்பானில் கட்டாதீர்கள். ஒயர் மேலே, எரிபொருள் கீழே ஓட வேண்டும். மேலே ஓடும் குழாய் ஒழுகினால் ஒயர்மேல் சொட்டும்.

டீசலில் மூன்று இடங்களை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. ஒன்று, இன்ஜெக்டர்களின் மிச்ச டீசலை டாங்குக்குத் திருப்பும் சிறிய துணி சுற்றிய ஹோஸ். பென்சில் தடிமன்தான் இருக்கும், ஆனால் மேனிபோல்டுக்கு நேர் மேலேயே ஓடும். கை பட்டால் பொடிந்துவிடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். இரண்டு, அழுத்தக் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு கிளாம்ப். யாரோ ஒரு முறை கழற்றி மாட்டாமல் விட்டிருப்பார்கள். குழாய் அதிர்ந்து அதிர்ந்து நட்டின் கழுத்தில் வெடிக்கும். மூன்று, ராக்கர் கவருக்கு (என்ஜின் தலையின் மேல்மூடிக்கு) உள்ளே இருக்கும் எரிபொருள் இணைப்புகள். எம் 113 ஏ1-இல் உள்ள டெட்ராய்ட் 6வி53 போன்ற என்ஜின்களில் இவை ஒழுகினால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. டீசல் நேராக ஆயில் சம்ப்புக்கு (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டிக்கு) போகும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதைவிட ஏறுவது மோசமான அறிகுறி. ஒரு சொட்டு ஆயிலை வடிதாளில் விட்டுப் பாருங்கள். கறுப்பு நடுப்பகுதியைச் சுற்றி எண்ணெய்ப் பசையோடு அகலமான வெளிர் வளையம் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது.

6வி53 போன்ற இந்த டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களுக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. இன்ஜெக்டர் ரேக் (எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு) ஜாம் ஆனாலோ, ப்ளோயர் (காற்றை உள்ளே தள்ளும் விசிறி) சீல் போய் ஆயிலை உறிஞ்சினாலோ, என்ஜின் கட்டுப்பாடு மீறி ஓடும். எரிபொருளை நிறுத்தினாலும் சில சமயம் நிற்காது. அதற்காகவே காற்று வழியை அடைக்கும் அவசரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்பின் கேபிள் துருப்பிடித்து உறைந்திருக்கிறதா என்று கிளப்புவதற்கு முன்பே கையால் இழுத்துப் பாருங்கள்.

அழுத்தக் குழாயில் ஒழுகலைத் தேடும்போது விரலால் தடவாதீர்கள். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பிடித்து நகர்த்துங்கள். ஈரம் படும் இடம் ஒழுகல். தோலுக்குள் பீய்ச்சிய டீசலோ ஹைட்ராலிக் ஆயிலோ பார்க்கச் சிறு முள் குத்தியதுபோல் இருக்கும். வலி இல்லையென்றாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

ஆயில், ஹைட்ராலிக், எக்ஸாஸ்ட்

1973 போரில் இஸ்ரேலின் எம் 48, எம் 60 டாங்கிகளில் டரட்டை (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூட்டை) திருப்பும் ஹைட்ராலிக் திரவம் தீப்பிடித்துப் பல வீரர்கள் கடுமையாக வெந்து போனார்கள். அந்தச் சிவப்புத் திரவத்தின் தீப்பற்றும் வெப்பநிலை 100 டிகிரியை ஒட்டியே இருந்தது. பிறகு வந்த தீ தாங்கும் திரவங்களுக்கு அது 200 டிகிரிக்கு மேல். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது: பழைய திரவம் நிரம்பிய வண்டிகளும் டப்பாக்களும் இன்னமும் கிடக்கின்றன. புதிய திரவம் ஊற்றும் முன் சர்க்யூட் முழுவதையும் வடித்து, புதியதாலேயே ஒரு முறை அலசி, மறுபடி வடித்து நிரப்புங்கள். பழையது கொஞ்சம் தங்கினாலும் மொத்தக் கலவையின் தீப்பற்றும் வெப்பநிலை இறங்கிவிடும்.

ஆயில் பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாய், டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாய், கூலர் ஹோஸ் ஆகியவை உடைந்தால் ஆயில் சொட்டாது, பீய்ச்சும். எக்ஸாஸ்ட்டிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஓடும் ஒவ்வொரு குழாய்க்கும் இடையில் வெப்பத் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் இந்தத் தகடுதான் முதலில் காணாமல் போகும். போல்ட் துருப்பிடித்து உடைந்திருக்கும், யாரோ கழற்றி மூலையில் போட்டிருப்பார்கள். தேடி எடுத்து மாட்டுங்கள்; கிடைக்காவிட்டால் செய்து மாட்டுங்கள்.

எக்ஸாஸ்ட்டைச் சுற்றிய வெப்பத் தடுப்புப் போர்வையை அழுத்திப் பாருங்கள். கையில் எண்ணெய்ப் பிசுக்கு வந்தால் அதைக் கழுவ வேண்டாம், தூக்கி எறியுங்கள். நாரில் ஊறிய ஆயில் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து தானே சூடேறும். வழக்கமாகப் பற்றும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே அது புகைந்து பற்றிவிடும். (பழைய போர்வைகளில் கல்நார் இருக்கலாம். நனைத்து, முகமூடி போட்டு, அதற்கான முறைப்படி அகற்றுங்கள்.) மேனிபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புப் புகைக்கோடு இருந்தால் அங்கே தீநாக்கு வெளியே வருகிறது. அருகில் எந்த ஒயர் இருக்கிறது என்று அந்தக் கோட்டின் திசையில் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். என்ஜின் அறைத் தீ ஓடும்போது மட்டும் வருவதில்லை. நிறுத்திய பிறகும் வரும். ஓடும்வரை ஃபேன் காற்றை இழுத்து ஆவியை வெளியே தள்ளி, பரப்பையும் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் காற்று நிற்கிறது, மேனிபோல்டின் சூடு நிற்பதில்லை, சொட்டு விழுந்துகொண்டே இருக்கிறது. ஆகவே நிறுத்தும் முன் 3 முதல் 5 நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள். நிறுத்திய பிறகு 15 நிமிடம் வண்டியருகே ஒருவர் இருக்கட்டும். ஓட்டுநர் உடனே சாப்பிடப் போய்விடும் பழக்கம் பழைய வண்டிக்கு ஆகாது.

24 வோல்ட்டின் சூடு

24 வோல்ட் தானே, ஷாக் அடிக்காது என்பதால் ஒயரிங்கை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தீக்குக் காரணம் வோல்ட்டேஜ் இல்லை, ஆம்பியர். ஸ்டார்ட்டர் 500 ஆம்பியர் இழுக்கும்போது துருப்பிடித்த ஒரு முனையில் அரை வோல்ட் விழுந்தால், அந்த ஒரு நட்டில் மட்டும் 250 வாட் சூடு. சால்டரிங் அயன்கள் சாதாரணமாக 25 முதல் 60 வாட்தான். பேட்டரி போஸ்ட் உருகியும், கேபிள் முனை நீலம் பாரித்தும் கிடப்பதன் காரணம் இதுதான்.

அளக்கும் முறை: மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனை பேட்டரி போஸ்ட்டில் (கிளாம்ப்பில் அல்ல, போஸ்ட்டிலேயே), மறுமுனை ஸ்டார்ட்டர் ஸ்டட்டில் வையுங்கள். என்ஜின் கிளம்பாதபடி எரிபொருளை அடைத்துவிட்டு, ஒருவர் 5 நொடி ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். பாசிட்டிவ் பக்கம் முழுவதிலும் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒவ்வொரு இணைப்பாக அளந்து குற்றவாளியைப் பிடியுங்கள். ஒரே இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்குங்கள். நெகட்டிவ் பக்கத்துக்கும் இதேபோல். என்ஜினுக்கும் ஹல்லுக்கும் இடையே உள்ள பின்னல் எர்த் பட்டை அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கரன்ட் வேறு வழி தேடும்: ஆக்சிலரேட்டர் கேபிள், எரிபொருள் குழாயின் உலோகப் பின்னல். குழாய் சிவந்து போன வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பட்டையைத்தான்.

மெயின் சுவிட்சுக்கு முன்னால் இருக்கும் கேபிள், அதாவது பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடைப்பட்ட துண்டு, வண்டியிலேயே மிக ஆபத்தான ஒயர். அதற்குப் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. சுவிட்சை அணைத்தாலும் அதில் உயிர் இருக்கும். தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம் இருக்கிறதா, வளையம் வெடித்துத் தகட்டின் விளிம்பு கேபிளைக் கடிக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தையும் பாருங்கள். இந்தக் கேபிளில் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் முழு நீளத்தையும் மாற்றுவதே சரி.

மற்ற ஒயர்க்கட்டுகளில் இன்சுலேஷனைச் சோதிக்க, எலக்ட்ரானிக் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 250 வோல்ட் மெகரால் (இன்சுலேஷன் அளக்கும் கருவியால்) அளக்கலாம். ரேடியோவோ சென்சாரோ மாட்டியிருக்கும்போது மெகரைத் தொடாதீர்கள். தீயணைப்பு சிலிண்டரைத் திறந்துவிடும் வெடிதிரியின் இணைப்பை மெகராலும் சாதாரண மல்டிமீட்டராலும் தொடவே கூடாது, அந்தச் சிறு கரன்ட்டே அதை வெடிக்கச் செய்யலாம். டரட் இருக்கும் வண்டியில் சுழலும் இணைப்பான வளையப் பெட்டியைத் திறந்து கார்பன் தூளைச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கறுப்புத் தூள் படிந்தால் பொறி பறக்கும். பிற்காலத்தில் மாட்டிய விளக்கு, சார்ஜர், ரேடியோ இணைப்புகளையும் ஒவ்வொன்றாகப் பின்தொடருங்கள். ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியிலிருந்து எடுத்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

சார்ஜிங் 27.5–28.5 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 30-ஐத் தாண்டினால் பேட்டரி கொதித்து ஹைட்ரஜன் விடும்; 4 சதவீதம் சேர்ந்தாலே அது வெடிக்கும். பேட்டரிப் பெட்டியின் காற்றுக்குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

பிரேக், ஹப், ஹீட்டர்

இவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியால் ஒவ்வொரு ஹப்பையும் பிரேக் டிரம்மையும் அளந்து இடது வலது ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 20–30 டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே பேரிங் காய்ந்திருக்கிறது அல்லது பிரேக் விடாமல் பிடிக்கிறது. சக்கர வண்டியில் இது டயர் தீயாகும். டயர் உள்ளிருந்து எரியத் தொடங்கினால் வெளியே தெரியாது, நேரம் கழித்து வெடிக்கும். சூடான டயரைப் பக்கவாட்டில் நின்று நெருங்கக் கூடாது. டிராக் வண்டிகளில் ஸ்டீயரிங் பிரேக் பேண்டு சூடாகும்போது கியர்பாக்ஸ் ஆயிலும் சேர்ந்து கருகும். வடிகால் மூடியின் காந்தத்தில் ஒட்டியிருப்பது நைஸ் மாவாக இருந்தால் சாதாரணத் தேய்மானம்; செதிலாக இருந்தால் உடைகிறது.

எரிபொருளில் இயங்கும் ஹீட்டர் தனிக் கவனம் கேட்கும். பற்றாமல் இரண்டு முறை முயன்றால் உள்ளே எரிபொருள் தேங்கியிருக்கும். மூன்றாவது முறை முயலாமல் வடித்து, பற்றவைக்கும் பிளக்கைச் சுத்தம் செய்யுங்கள். அணைத்த பிறகு அதன் ஃபேன் சில நிமிடம் ஓடித் தானே நிற்க வேண்டும். அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்தால் எரியாமல் மிஞ்சிய ஆவி உள்ளேயே நின்றுவிடும்.

தீயணைப்பான்: மீட்டர் முள்ளை நம்பாதீர்கள்

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்தம் பார்த்துப் பயனில்லை. உள்ளே திரவம் ஒரு சொட்டு மிச்சம் இருக்கும்வரை 20 டிகிரியில் அழுத்தம் 57 பார் அளவிலேயே நிற்கும். பாதி காலியானாலும் அதே அழுத்தம்தான். ஆகவே 6 மாதத்துக்கு ஒரு முறை கழற்றி எடை போடுங்கள். கழுத்தில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்து, நிரப்பிய அளவில் 10 சதவீதம் குறைந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். ஹேலான் 1301 என்ற தீயணைப்பு வாயு உள்ள சிலிண்டரில் நைட்ரஜன் அழுத்தமும் உண்டு. அங்கே எடையில் 5 சதவீதமோ, வெப்பநிலைக்குத் திருத்திய அழுத்தத்தில் 10 சதவீதமோ குறைந்தால் மாற்ற வேண்டும். வளர்ந்த நாடுகளில் 1994 தொடக்கத்திலேயே ஹேலான் உற்பத்தி நின்றுவிட்டது. பல வண்டிகள் எச்.எஃப்.சி. 227 இஏ போன்ற வாயுவுக்கு மாறியிருக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்றை அதே சிலிண்டரில் அப்படியே நிரப்ப முடியாது. அளவும் நாசிலும் வேறு.

பவுடர் சிலிண்டர் அதிர்வில் கெட்டியாகிவிடும். மாதம் ஒரு முறை தலைகீழாகத் திருப்பி, உள்ளே பவுடர் சரிவது கையில் தெரிகிறதா என்று பாருங்கள்.

இழுக்கும் கைப்பிடி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று இருக்கும். சிலிண்டர் பக்கம் கேபிளைக் கழற்றிவிட்டு இரண்டையும் இழுத்துப் பாருங்கள். ஒரு கையால், கையுறையோடு, உட்கார்ந்த நிலையில் இழுக்க முடியவில்லையென்றால் அது தேவைப்படும் நேரத்திலும் வராது. கேபிள் உறையைக் கழற்றி கிரீஸ் போடுங்கள் அல்லது மாற்றுங்கள். என்ஜின் அறையில் வாயு பீய்ச்சும் நாசில் முனைகளைக் கம்பியால் குத்திப் பாருங்கள், குளவி மண் அடைத்திருப்பது மிகச் சாதாரணம். சில வண்டிகளில் உள்ள ஆப்டிகல் சென்சார் (ஒளியை வைத்துத் தீயை உணரும் கருவி), கால் நொடிக்குள் தீயைக் கண்டு வாயுவை விடுவதற்காகச் செய்தது. அதன் கண்ணாடிமேல் ஆயில் படலமோ பெயின்ட்டோ இருந்தால் குருடுதான். மெல்லிய துணியால் துடைத்து, அதற்கான சோதனைக் கருவியால் மட்டும் சோதியுங்கள்.

நீண்ட நாள் நின்ற வண்டியை முதன்முறை கிளப்பும்போது

1. எக்ஸாஸ்ட், கிரில், ஏர் கிளீனர் மூன்றிலும் கூடு, வைக்கோல், எலிப்புழுக்கை இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மேனிபோல்டின் பின்பக்கம் சிக்கிய கூடு முதல் 10 நிமிடத்தில் பற்றும்.

2. வண்டியை ஷெட்டுக்கு வெளியே இழுத்து, எல்லா மூடிகளையும் 20 நிமிடம் திறந்து வையுங்கள். பெட்ரோல் வாசம் இருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். ஒழுகலைக் கண்டுபிடித்த பிறகே.

3. குண்டுகள், பழைய துணி, ஸ்பேர் எரிபொருள் கேன் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

4. எரிபொருள் பம்பை மட்டும் இயக்கியோ கையால் அடித்தோ அழுத்தம் ஏற்றி, 10 நிமிடம் ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்.

5. வெளியே ஒருவர் தீயணைப்பானின் பாதுகாப்பு ஊசியைக் கழற்றி நிற்க, உள்ளே ஒருவர் மட்டும் இருக்கட்டும். கிளப்பியதும் 2 நிமிடத்தில் நிறுத்தி மறுபடி பாருங்கள். பிறகு 10 நிமிடம், பிறகு 30 நிமிடம். ஓட்டிப் பார்ப்பது அடுத்த நாள்.

இதற்குமுன் ஒரு வேலை: முழு உடுப்போடு எல்லோரையும் உள்ளே உட்காரவைத்து, வெளியேறச் சொல்லி நொடி எண்ணுங்கள். மேல்மூடியின் ஸ்பிரிங், பூட்டு, பின்பக்கச் சரிவுக் கதவின் கைத் திறப்பு மூன்றும் எஞ்சின் அணைந்த நிலையில் திறக்க வேண்டும்.

பற்றிவிட்டால்

ஓட்டுநர் "தீ" என்று கத்தி வண்டியை நிறுத்த வேண்டும். அடுத்து வரிசை மாறக் கூடாது: ஆக்சிலரேட்டர் விட்டு என்ஜினை அணை, எரிபொருளை அடை, மெயின் சுவிட்சை அணை, அதன்பிறகு கைப்பிடியை இழு. முதலிலேயே இழுத்தால் ஓடும் ஃபேன் அத்தனை வாயுவையும் சில நொடியில் கிரில் வழியே வெளியே தள்ளிவிடும். சிலிண்டர் காலி, தீ அப்படியே. இதற்கிடையில் மற்றவர்கள் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும், யாருக்காகவும் யாரும் காத்திருக்காமல்.

ஆட்கள் இருக்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடை விடக் கூடாது. தீயணைக்க 34 சதவீதம் வேண்டும். 10 சதவீதத்திலேயே மனிதன் மயங்குவான். ஹேலான் சற்று மென்மையானது, ஆனால் தீயில் பட்டால் அரிக்கும் அமில வாயுவாக உடையும். எந்த வாயுவானாலும் உள்ளே தங்காதீர்கள்.

புகை நின்றதும் என்ஜின் மூடியைத் திறந்து பார்க்கத்தான் கை துடிக்கும். திறக்காதீர்கள். உள்ளே தீ அடங்கியிருக்கும், சூடு அடங்கியிருக்காது. புதுக் காற்று கிடைத்ததும் திறந்தவர் முகத்திலேயே மறுபடி எழும். பவுடர் போட்டிருந்தால் இன்னும் மோசம், அது தீயை அணைக்கும், குளிர்விக்காது. குறைந்தது 15 நிமிடம் மூடியே வைத்து, புறங்கையை மூடியருகே கொண்டுபோய் சூடு குறைகிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டாவது தீயணைப்பானோடு ஒருவர் நிற்க, காற்று வரும் பக்கம் நின்று, ஒரு விரற்கடை மட்டும் திறந்து பொறுங்கள்.

குண்டுகள் உள்ளே இருக்கும் வண்டியில் தீ ஆட்களின் அறைக்குள் வந்துவிட்டால் அணைக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். குண்டை ஏவும் வெடிமருந்து 170 டிகிரியை ஒட்டியே தானாகப் பற்றும். அந்தச் சூடு சில நிமிடத்தில் வந்துவிடும். தூர விலகி, வேறு யாரையும் நெருங்க விடாமல் காவல் நில்லுங்கள்.

அணைந்த பிறகு, அலுமினிய ஹல் கொண்ட வண்டியானால் பெயின்ட் கருகிய இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிடுங்கள். 250 டிகிரியை ஒட்டியே அலுமினியம் தன் வலுவில் பெரும்பகுதியை இழக்கும், பார்வைக்கு அப்படியே இருக்கும். கடினத்தன்மை அளக்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. கருகிய ஹோஸ், ஒயரை வெட்டி எறியும் முன் இருந்த இடத்திலேயே படமெடுத்து, பையில் போட்டு, எந்த இணைப்பு என்று எழுதுங்கள். தீயின் தொடக்கப் புள்ளி பெரும்பாலும் மிக அதிகமாகக் கருகிய இடத்தில் இருக்காது. அதற்குக் கீழே, ஒழுகல் தொடங்கிய பக்கம் தேடுங்கள். அதே தயாரிப்பு வருடத்து வண்டிகள் பக்கத்தில் நின்றால் அதே ஹோஸை அன்றைக்கே அவற்றிலும் கழற்றிப் பாருங்கள். காலியான சிலிண்டருக்குப் பதில் எடை போட்டு, தேதி எழுதிய சிலிண்டரை மாட்டிய பிறகே அந்த வண்டியின் மெயின் சுவிட்சைப் போட வேண்டும்.